தொட்டியில் ஓர் அரபு மல்லிகை

ஏற்காட்டு நாற்றங்கால் ஒன்றில் வாங்கிய காப்பிச்செடியைச் சேலம்வரை பேருந்தில் மடியிலும், அங்கிருந்து சென்னைவரை ரயிலில் காலிடுக்கிலும் வைத்துக் கொண்டுவந்தேன். ஒரு சாண் உயரம், ஐந்தாறு ஜோடி இலை. வராந்தாவில் இறக்கி வைத்ததும் அம்மா கேட்டாள்: "என்னடா செடி இது?"

"காப்பி."

"காப்பி குடிக்கிறதுல்ல? செடிக்கு என்ன பேரு?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தேயிலை என்றால் அதில் இலை இருக்கிறது. பறிப்பது தேயிலை, குடிப்பது தேநீர். 'தே' சீனத்திலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் தமிழ் அதோடு ஓர் இலையைச் சேர்த்துச் செடியையும் பானத்தையும் பிரித்து வைத்துவிட்டது. காப்பிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. காப்பிச்செடி, காப்பிப்பழம், காப்பிக்கொட்டை, காப்பித்தோட்டம் என்று எதைச் சொன்னாலும் முன்னால் நிற்பது டம்ளரில் இருக்கும் பொருள்தான்.

இதில் தமிழைக் குறை சொல்லிப் பயனில்லை. சொல் புறப்பட்ட இடத்திலேயே அது பானத்தின் பெயர். அரபு மொழியில் 'கஹ்வா'. பழைய அரபில் அது மதுவின் பெயர்களுள் ஒன்று. பசியை மட்டுப்படுத்துவது என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகள் இரவு வழிபாட்டில் கண் அயராமலிருக்கக் குடித்த புதுப் பானத்துக்கு அந்தப் பழைய மதுப் பெயரே ஒட்டிக்கொண்டது. செடிக்கும் கொட்டைக்கும் அரபியில் வேறு சொல் உண்டு: 'புன்'. ஆக, அம்மாவின் கேள்விக்கு ஏமனில் பதில் இருந்தது. ஆனால் கப்பலேறியது கஹ்வா மட்டுமே. துருக்கியில் கஹ்வே, இத்தாலியில் காஃபே, டச்சில் கோஃபி, ஆங்கிலத்தில் காஃபி. 'புன்' கரையிலேயே நின்றுவிட்டது.

அந்தப் புன்னுக்கும் ஓர் ஊர் உண்டு. எத்தியோப்பியாவின் தென்மேற்கு மலைக்காடுகளில்தான் இந்தச் செடி தானாக முளைத்து வளர்கிறது. அங்கே அம்ஹாரிக் மொழியில் 'புனா'. செடிக்கும் அதே சொல், பானத்துக்கும் அதே சொல். அந்த வட்டாரத்தில் காஃபா என்று ஒரு பகுதி இருப்பதால் காப்பி என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஒலி பொருந்துகிறது, நியாயம் பொருந்தவில்லை. காஃபா மக்களே அதை 'புனோ' என்றுதான் சொல்கிறார்கள். தன் ஊர்ப் பெயரை உலகுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் வேறு பெயர் சொல்லிக்கொண்டிருப்பார்களா?

தமிழுக்கு வந்தபோது சொல்லுக்கு நடந்ததும் சுவையானதுதான். 'ஃப' ஒலி நமக்குக் கிடையாது. ஒற்றைப் பகரம் போட்டால் உயிர்களுக்கு இடையில் அது மெலிந்துவிடும். வல்லோசை நிற்க வேண்டுமென்று தமிழ் நாக்கு பகரத்தை இரட்டித்தது: காப்பி. பரீட்சையில் அடிக்கும் காப்பியும் இதே ஒலிமாற்றத்தில் வந்து இதே சொல்லாக நின்றது தனி வேடிக்கை. இலங்கைத் தமிழில் 'கோப்பி'. முதலெழுத்தின் ஓகாரத்தில் டச்சுக்காரர் நிற்கிறார். போர்ச்சுக்கீசியர் வழி வந்த 'கோப்பை'யில் டச்சுக்காரர் வழி வந்த கோப்பியை ஊற்றிக் குடிப்பது கொழும்பில் அன்றாட நடப்பு.

அதன்பின் சொல் செடியை விட்டே விலகிவிட்டது. சுக்குக் காப்பியில் காப்பி இல்லை. சுக்குமல்லிக் காப்பியிலும் இல்லை. கிராமத்தில் "ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றால் கருப்பட்டி போட்ட எந்தச் சுடுநீரும் வரலாம். மதுவாக இருந்து, ஏமனில் ஒரு கொட்டையின் சாறாகி, நம்மூரில் சூடான எதுவும் ஆகிவிட்டது இந்தச் சொல். வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியின் நூல் ஒன்றுக்கு 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்று தலைப்பு. அந்தக் காலத்தில் சுக்கும் மல்லியும் இருந்தன. காப்பி என்ற பெயர்தான் அவற்றுக்கு இல்லை.

தனித்தமிழ் ஆர்வலர்கள் வைத்த 'குளம்பி' இங்கே நினைவுக்கு வருகிறது. கொட்டையின் நடுப்பிளவு மாட்டுக் குளம்பைப் போலிருப்பதால் அந்தப் பெயர் என்பார்கள். மேடையில் சொன்னால் சிரிப்பு வரும், கடையில் கேட்டால் புரியாது. ஆனால் செடியை வளர்க்கத் தொடங்கிய பிறகு எனக்கு அந்தச் சொல்மேல் ஒரு மரியாதை. டம்ளரைப் பார்க்காமல் கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர்தான் அப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்.

செடியை முதலில் பார்த்து எழுதிய ஐரோப்பியர் பானத்தின் பெயரை அதற்கு வைக்கவில்லை. புரோஸ்பெரோ அல்பினி என்ற இத்தாலிய மருத்துவர் கெய்ரோவில் ஒரு தோட்டத்தில் வளர்ந்த செடியைப் பார்த்துப் படம் வரைவித்தார். 1592இல் வெளிவந்த எகிப்தியத் தாவரங்கள் பற்றிய நூலில் அதை 'போன்' என்றார். அரபுப் புன்தான் அது. இங்கே பெயரைவிட இடம்தான் என்னை நிறுத்துகிறது. காட்டிலோ வயலிலோ இல்லை, ஒருவர் ஆசைக்கு வைத்து வளர்த்த தோட்டத்தில்.

அதற்குப் பிறகு காப்பிச்செடியின் வரலாறு ஏறக்குறைய ஒரு தொட்டிச்செடியின் வரலாறு. ஏமனிலிருந்து மலபாருக்கும், 1690களில் மலபாரிலிருந்து ஜாவாவுக்கும் போன செடி, 1706இல் ஜாவாவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டுக்கு வந்தது. 1714இல் அந்த நகரத்தார் ஒரு செடியைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்குப் பரிசளித்தார்கள். பாரிஸ் அரசுத் தோட்டத்திலும் கண்ணாடிக் கூரையின்கீழ்தான் அது வாழ்ந்தது. உறைபனி ஒரே இரவில் அதைக் கொன்றுவிடும். 1720களில் கேப்ரியல் டி கிளியூ என்ற படை அதிகாரி ஓர் இளஞ்செடியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். நடுக்கடலில் குடிநீர் குறைந்தபோது தன் பங்கைச் செடியோடு பகிர்ந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். சொல்பவர் அவரே என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் பரவிய 'டிப்பிகா' வகைக் காப்பியின் வேர் அந்த ஆம்ஸ்டர்டாம் தொட்டிக்குத்தான் போகிறது. ஜன்னலோரத்தில் காப்பி வளர்ப்பது நகரத்து மோகம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்.

பாரிஸில் அந்தச் செடியை ஆராய்ந்த அந்துவான் டி ஜுஸ்ஸியூ அதை மல்லிகைக் குடும்பத்தில் சேர்த்து 'அரபு மல்லிகை' என்று பொருள்படும் லத்தீன் பெயர் வைத்தார். பூத்த செடியின் பக்கத்தில் நின்றால் அவர்மேல் தப்புச் சொல்லத் தோன்றாது: கணுவுக்குக் கணு கொத்தாக வெள்ளைப் பூ, ஐந்து இதழ், அதே மயக்கும் வாசம். பிறகு தாவரவியலாளர் லின்னேயஸ் 1737இல் மல்லிகையிலிருந்து அதைப் பிரித்து 'காஃபியா' என்று தனிப் பேரினமாக்கினார். 1753இல் 'காஃபியா அராபிகா' என்றார். பானத்தின் பெயர் இப்படித்தான் செடியின் அறிவியல் பெயராயிற்று. 'அராபிகா' என்பதும் பிறந்த ஊரைச் சொல்லவில்லை, கப்பலேறிய துறைமுகத்தைத்தான் சொல்கிறது. நம் குண்டுமல்லிக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் அரபு மல்லிகை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு செடிக்கும் அரபு நாடு சொந்த ஊர் அல்ல.

உண்மையில் காப்பிக்கு மல்லிகை உறவே இல்லை. அது வெட்சிக்கும் நுணாவுக்கும் கடம்புக்கும் பங்காளி. வெட்சியின் கிளையையும் காப்பியின் கிளையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: எதிரெதிராக ஜோடி இலை, இரண்டு காம்புக்கும் நடுவில் ஒரு சின்ன முக்கோணச் செதில். குடும்ப முகஜாடை அங்கே தெரியும்.

செடி வாங்குவதற்கு முன் நான் செய்த அசட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காப்பிப்பொடிக் கடையில் வறுக்காத கொட்டை இருபது வாங்கி ஊறவைத்துப் புதைத்தேன். மூன்று வாரத்தில் அழுகல் நாற்றம்தான் வந்தது. காப்பி விதையின் உயிர் ஒரு சில மாதம்தான்; மூட்டையில் கிடந்து கடைக்கு வரும் கொட்டையில் பெரும்பாலும் அது போயிருக்கும். பழத்திலிருந்து எடுத்து, சதை கழுவி, மேலிருக்கும் காகிதம் போன்ற தோலோடு நிழலில் உலர்த்திய புது விதைதான் முளைக்கும். அதுவும் ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். முளை மண்ணைவிட்டு எழும்போது கொட்டையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே எழும். நாற்றங்காலில் அந்தப் பருவத்துக்குத் தொப்பிப் பருவம் என்றே பெயர்.

வெயில் விஷயத்தில் அது எத்தியோப்பியக் காட்டை மறப்பதில்லை. பெரிய மரங்களின் கீழே வளர்ந்த குறுமரம். அதனால்தான் ஏற்காட்டில் மேலே சில்வர் ஓக், அதில் ஏறும் மிளகுக்கொடி, கீழே காப்பி. வீட்டில் கிழக்குப் பார்த்த ஜன்னல் போதும். மதிய வெயில் பட்டால் இலை கருகும். இருட்டு மூலையில் வைத்தால் ஒடிசலாக நீளும், பூக்காது. அராபிகாவுக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி. ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறக்கிய செடி மே மாதத்தில் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சும்மா நிற்கிறது. அது சாவதில்லை, பொறுத்துக்கொள்கிறது. குளிர்சாதனக் காற்றை மட்டும் நேராகப் படவிடாதீர்கள்; ஈரமற்ற காற்றில் இலைநுனி பழுப்பாகும்.

சென்னையில் அதற்கு நிஜமான எதிரி வெயிலைவிடத் தண்ணீர். காப்பிக்குச் சற்றே புளிப்பு மண் வேண்டும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றிய நான்காம் மாதம், புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடையெல்லாம் மஞ்சளாயிற்று. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் காரத்தன்மையால் வேர் அதை எடுக்க முடியாத நிலை. வீணாகிறதே என்று ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றினேன், இன்னும் மோசம். அதில்தான் உப்பெல்லாம் திரண்டிருக்கிறது. மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றத் தொடங்கியபின் தேறியது. தொட்டி அகலத்தைவிட ஆழமாக இருக்கட்டும், ஆணிவேர் நேரே இறங்குகிற ஜாதி. ஃபில்டர் சக்கையைத் தினமும் கொட்டினால் மேல்மண் இறுகிப் பூஞ்சை பூக்கும். உரமாக வேண்டுமென்றால் மக்கவிட்டுப் போடலாம். மாவுப்பூச்சிக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி.

இலைமேல் இரவெல்லாம் நீர் தங்க விடாதீர்கள் என்பதற்கு ஒரு பெரிய கதை உண்டு. இலையடியில் ஆரஞ்சுப் பொடியாகத் தெரியும் துருநோய்ப் பூஞ்சை முளைக்க ஒரு நீர்த்துளி வேண்டும். 1869இல் இலங்கையில் அது கண்டறியப்பட்டபோது வைத்த பெயர் 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்'. வித்தின் ஒரு பாதி வழவழப்பு, மறுபாதி முள் என்பதால் முதற்சொல்; அழிப்பவள் என்பது இரண்டாம் சொல். பெயர் பலித்தது. தமிழகத்திலிருந்து நடந்தும் படகேறியும் போன கூலிகள் கண்டி மலையில் உருவாக்கிய கோப்பித் தோட்டங்கள் ஒரு தலைமுறைக்குள் தேயிலைத் தோட்டங்களாயின.

பூக்க வைப்பதற்கு ஒரு சூட்சுமம் உண்டு. தோட்டத்தில் மொட்டுகள் கோடையில் உறங்கும். மார்ச், ஏப்ரலில் முதல் மழை பெய்து எட்டுப் பத்து நாளில் மலை முழுக்க ஒரே நாளில் வெளுக்கும். வீட்டில் மழையாக நாம்தான் நடிக்க வேண்டும். நான்காம் ஆண்டு மாசியில் மூன்று வாரம், இலை லேசாகத் தொங்கும்வரை தண்ணீரைக் குறைத்துவிட்டு, ஒருநாள் தொட்டி வழிய ஊற்றினேன். ஒன்பதாம் நாள் காலையில் எதிர்வீட்டு அக்கா கதவைத் தட்டினார்: "இந்தச் சீசன்ல என்ன மல்லி இது? வாசம் படிக்கட்டு வரைக்கும் வருது." ஜுஸ்ஸியூவுக்கும் அவருக்கும் இடையே முந்நூறு ஆண்டு. ஒரு கொத்தைக் கிள்ளித் தலையில் வைத்துக்கொண்டார். சாயங்காலம் பழுத்துவிட்டது என்று குறைப்பட்டார். செடியிலேயே விட்டாலும் இரண்டு மூன்று நாள்தான்.

அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அதனால் ஒற்றைச் செடி போதும். ரோபஸ்டா என்ற மற்றொரு காப்பி இனத்தை வாங்கியிருந்தால் துணைச்செடி இல்லாமல் பூவோடு நின்றிருக்கும். கார்த்திகையில் பதினேழு பழம் சிவந்தது. பிதுக்கிக் கழுவினேன். பழத்துக்கு இரண்டு கொட்டை, தட்டைப் பக்கம் ஒன்றையொன்று பார்த்தபடி. ஒரு பழத்தில் மட்டும் ஒற்றைக் கொட்டை, உருண்டையாக. பொடிக்கடையில் இத்தனை வருஷமாகப் "பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி" என்று கேட்டு வாங்கிய எனக்குப் பீபரி என்பது இதுதான் என்று அன்றுதான் கண்ணால் தெரிந்தது.

அம்மா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். "இதுல காப்பி வருமா?"

"ஒரு டபராவுக்குக்கூடக் காணாதும்மா. விதைக்கப் போறேன்."

"அப்ப இரு," என்று அடுப்படிக்குப் போய்ச் சுக்கைத் தட்டினாள். "நான் காப்பி போடறேன்."