குடாநாட்டு நீரும் கூடிப்பேசும் உரிமையும்: அச்சுவேலியிலிருந்து ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவுமில்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும்; மேலே 1 அடி தாழ்ந்தால் கீழிருந்து 40 அடி உவர்நீர் ஏறும் என்பது நீரியற் கணக்கு. அச்சுவேலிக்கு அண்மையிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று. ஒருவர் மிகையாக இறைத்தால் அயலவர் கிணறும் உவராகும். இயல்பிலேயே பொதுவான இந்நீர் பற்றிய தீர்மானங்களும் பொதுவாக எடுக்கப்பட்டனவா என்பதே எமது வினா.

அச்சுவேலியின் செம்மண் தோட்டங்களில் துலாவும் பட்டையுமே நெடுங்காலம் நீர் தந்தன. காணி உறுதிகளில் கிணற்றுப்பங்கும் வாய்க்கால் வழியும் குறிக்கப்பட்டன. பங்காளிகள் முறைவைத்து இறைத்தனர். இதனைக் கூட்டு நிர்வாகத்தின் சிறந்த முன்மாதிரி எனப் போற்றுவோர் உளர். அது பாதி உண்மையே. பங்கு காணியுடையாருக்கு உரியது; துலா மிதித்த கூலியாளனுக்கு உரியதன்று. ஒடுக்கப்பட்ட மக்கள் கிணற்றடியில் குடத்துடன் நின்று, பிறர் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தனர். காத்திருந்தவருள் பெரும்பாலோர் பெண்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும் இவ்வழக்கு உடனே ஒழிந்துவிடவில்லை. கே. டானியல் தம் நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டமை தற்செயலன்று.

நீரிறைக்கும் இயந்திரம் பரவியபோது, மனித உழைப்பு இறைப்புக்கு இட்டிருந்த எல்லை தகர்ந்தது. வெங்காயமும் மிளகாயும் செழித்தன, பசளையும் பெருகிற்று. 1980களில் நடந்த ஆய்வுகள் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதைக் காட்டின. பழைய பங்குமுறை நீரின் அளவையே பகிர அறிந்தது. அதன் தூய்மையைக் காக்கும் பொறுப்பைப் பகிர அதனிடம் வழியிருக்கவில்லை.

பெருந்திட்டங்களின் வரலாறும் இங்கு நோக்கத்தக்கது. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த திட்டம், ஆனையிறவு நீரேரியை நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சி, உப்பாறு நீரேரிகளுக்குக் கொண்டுவர முனைந்தது. அச்சுவேலியின் கிழக்கேயுள்ள நிலங்களும் அதனாற் பயனடைந்திருக்கும். அதன் பகுதிகள் சில நிறைவேறின, முழுமை பெறவில்லை. பின்னர், 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் ஒப்புதல் பெற்ற திட்டம், இரணைமடு நீரைக் குடாநாட்டின் குடிநீராக்கக் கருதியது. கிளிநொச்சி நெல் விவசாயிகள் தம் வயல்களுக்காக அஞ்சி எதிர்த்தனர். இறுதியில் கடல்நீரை நன்னீராக்கும் வழி நாடப்பட்டு, 2024 ஓகஸ்டில் தாளையடி நிலையம் திறக்கப்பட்டது. குடாநாட்டவரின் தாகமும் உண்மை. வன்னி விவசாயியின் அச்சமும் உண்மை. இரண்டும் வரைபடம் தீட்டப்படுமுன் ஒரே அவையிற் பேசப்பட்டிருக்க வேண்டியவை.

உலக அரங்கில் இவ்வுணர்வு தாமதமாகவே உருப்பெற்றது. 1977இல் மார் டெல் பிளாற்றாவில் நடந்த ஐக்கிய நாடுகள் நீர் மாநாடு பெரிதும் அரசுகளின் மாநாடாகவே இருந்தது. 1992இல் டப்ளினில் கூடிய நிபுணர்கள், நீரைப் பயன்படுத்துவோரும் திட்டமிடுவோரும் கொள்கை வகுப்போரும் சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும் என்றும், நீரைக் காப்பதில் பெண்களுக்கு மையப் பங்குண்டு என்றும் கோட்பாடு வகுத்தனர்.

அக்கோட்பாட்டை நாம் ஏற்பதாயின், குடாநாட்டு நீர் மாநாட்டின் அழைப்பிதழ்களே அதன் முதற் சோதனையாகும். பொறியியலாளரும் புவியியலாளரும் மருத்துவரும் அங்கு இன்றியமையாதோர். அவர்களோடு அச்சுவேலித் தோட்டக்காரரும், காணியற்ற கூலியாளரும், நீரேரி மீனவரும், கிளிநொச்சி விவசாயியும், நாளாந்தம் நீர் சுமக்கும் பெண்ணும் பார்வையாளராகவன்றி வாக்குடையோராய் அமரவேண்டும். கிணற்றடியிற் காத்திருந்தோரை மண்டபத்தின் வாயிலிலும் காத்திருக்க வைப்போமாயின், எத்துணை நுட்பமான திட்டமும் பழைய பங்குக் கிணற்றின் மறுபதிப்பாகவே முடியும்.