பழைய காருக்குப் புதிய சில்லு: அழகுக்கு முன் அளவு

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்தாண்டுக் காலத்தில் நாட்டில் பழைய வாகனங்களுக்குக் கேள்வி அதிகரித்தது. கராஜின் மூலையில் கிடந்த மொறிஸ் மைனரும், 1979இல் அறிமுகமான கே.ஈ.70 வகைக் கொரோல்லாவும் திருத்தப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு, மீண்டும் வீதிக்கு வந்தன. இத்தகைய வாகனங்களில் உரிமையாளர் முதலில் மாற்ற விரும்புவது சில்லைத்தான். ஒடுங்கிய இரும்பு ரிம்மைக் கழற்றி, அகன்ற அலோய் ரிம்மைப் பூட்டினால் வாகனத்தின் தோற்றமே மாறிவிடுகின்றது. ஆயினும் ஆசனத்திலோ வர்ணத்திலோ நேரும் தவறு அழகை மட்டுமே கெடுக்கும். சில்லில் நேரும் தவறு உயிரையே பறிக்கக்கூடும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள இலக்கங்களை வாசிக்கத் தெரிந்துகொள்வதே முதற்படியாகும். 155/80 ஆர் 13 என்பதில், 155 என்பது டயரின் அகலம் மில்லிமீற்றரில். 80 என்பது அவ்வகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை வீதம் என்பது. ஆர் என்பது ரேடியல் வகை. 13 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஆகவே இந்த டயரின் மொத்த உயரம் 330 மில்லிமீற்றர் ரிம்மும், மேலும் கீழுமாக இருமுறை 124 மில்லிமீற்றர் பக்கச்சுவரும் சேர்ந்து, ஏறத்தாழ 578 மில்லிமீற்றராகும்.

கே.ஈ.70 கொரோல்லாவுக்குரிய அளவு இதுவேயாகும். ரிம் பெருக்கும்போது பக்கச்சுவர் அதற்கேற்பக் குறைந்து, மொத்த உயரம் மாறாதிருக்க வேண்டும் என்பதே அடிப்படை விதி. 175/70 ஆர் 13 டயரின் உயரம் 575 மில்லிமீற்றர். 185/60 ஆர் 14 டயரின் உயரம் 578. 195/50 ஆர் 15 டயரின் உயரம் 576. உயரத்தைப் பொறுத்தவரை இம்மூன்றும் ஏற்கத்தக்கவை. ஆனால் கடையில் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக 185/70 ஆர் 14 டயரைப் பூட்டினால் உயரம் 615 மில்லிமீற்றராகி, 6 வீதத்துக்கு மேல் கூடிவிடும். அப்போது வேகமானி 70 காட்டும்போது வாகனம் 74 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். 1300 சீசீ எஞ்சினின் இழுவை குறையும். சுமையேற்றித் திரும்பும்போது டயர் மட்காட்டில் உராயும்.

இரண்டாவது, போல்ட் வட்டம். சில்லைத் தாங்கும் போல்ட்களின் மையங்களினூடாக வரையப்படும் வட்டத்தின் விட்டமே இது. மொறிஸ் மைனருக்கு இவ்வளவு 4 அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். கே.ஈ.70 கொரோல்லாவுக்கு 4½ அங்குலம், அதாவது 114.3 மில்லிமீற்றர். 1990களில் வந்த முன்சில்லு இழுவைக் கொரோல்லாக்களுக்கோ 100 மில்லிமீற்றர். பாவித்த அலோய் ரிம்களில் 100 மில்லிமீற்றர் அளவே பெரிதும் கிடைப்பதால் விபரீதம் இங்குதான் தொடங்குகின்றது. 114.3 மில்லிமீற்றர் வட்டத்தில் அந்த ரிம் ஏறவே மாட்டாது. எனவே தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் மொறிஸ் மைனரில் அது சற்று அழுத்தினால் ஏறிவிடும்! ஒவ்வொரு போல்ட்டும் துளையின் மையத்திலிருந்து 0.8 மில்லிமீற்றர் மட்டுமே விலகியிருப்பதே அதற்குக் காரணம். நட்டை இறுக்க இறுக்கப் போல்ட் வளையும். நட்டின் கூம்பு முகம் துளையில் முழுமையாகப் பதியாது. இறுகியதுபோல் தோன்றும் நட் ஓட்டத்தில் தளரும், அல்லது பல நாள் அழுத்தத்தில் போல்ட் முறியும். ஏறுகின்றது என்பது பொருந்துகின்றது என்பதற்குச் சான்றாகாது.

அளவு நாடாவினால் இந்த 1.6 மில்லிமீற்றர் வேறுபாட்டை நம்பிக்கையுடன் காண இயலாது. வேர்னியர் இடுக்கியைக் கொண்டு, ஒரு போல்ட்டின் வெளிவிளிம்பிலிருந்து அதற்கு எதிரேயுள்ள போல்ட்டின் உள்விளிம்பு வரை அளந்தால், நான்கு போல்ட் வாகனத்தில் சரியான விட்டம் கிடைத்துவிடும். அளவு பொருந்தாத ரிம்மின் துளையை விரித்துப் பூட்டுவது எக்காரணம் கொண்டும் செய்யத்தக்கதன்று.

மூன்றாவது, ரிம்மின் உட்புறத் தள்ளளவு. ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது அச்சுடன் பொருந்தும் முகத்துக்கும் இடையிலான தூரமே இது. பின்சில்லு இழுவை கொண்ட பழைய வாகனங்களில் இது குறைவு. பிற்கால முன்சில்லு இழுவை வாகனங்களில் 35 முதல் 45 மில்லிமீற்றர் வரை வருவது வழக்கம். பிந்திய வாகனத்தின் ரிம்மைப் பழைய வாகனத்தில் பூட்டினால் டயர் உட்புறம் சென்று ஸ்பிரிங்கில் முட்டும். மாறாக, சில்லு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் பெயாரிங் விரைவில் தேயும்; ஸ்டியரிங் கனக்கும்; பிரேக் பிடிக்கும்போது வாகனம் ஒருபக்கம் இழுக்கவும் கூடும்.

டயர் அகலமானால் பிடிப்பும் கூடும் என்ற எண்ணம் காய்ந்த வீதிக்கு ஓரளவு பொருந்தலாம். ஆனால் நமது பிரதேசத்தின் வீதிகள் ஆண்டு முழுவதும் காய்ந்திருப்பதில்லை. கல்முனையிலிருந்து சவளக்கடைக்குச் செல்லும் வழியில் உள்ள கிட்டங்கித் தாம்போதியை வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வெள்ளம் மூடிப் பாய்வதை இப்பகுதி மக்கள் அறிவர். வெள்ளம் பாயும்போது எந்த டயரும் பாதுகாப்பன்று, காத்திருப்பதே அறிவுடைமை. வெள்ளம் வடிந்த பின்னரும் வீதியில் நீர்ப்படலம் தேங்கி நிற்கும். அதனைப் பிளந்து தரையைத் தொடுவதற்கு ஒடுங்கிய டயருக்கு இலகு. எடை குறைந்த பழைய காரின் அகன்ற டயரோ குறைந்த வேகத்திலேயே நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். மிதக்கும் சில்லுக்கு ஸ்டியரிங்கும் கட்டுப்படாது, பிரேக்கும் கட்டுப்படாது. தேய்ந்த டயராயின் ஆபத்து பன்மடங்காகும். காற்றழுத்தம் குறைந்திருப்பினும் அவ்வாறே.

டயரை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மேலும் சில உண்டு. அளவையடுத்து வரும் சுமைக் குறியீடு முதல் டயருக்குரியதைவிடக் குறையக்கூடாது. 79 என்பது ஒரு டயர் 437 கிலோகிராம் தாங்கும் என்பதையும், 82 என்பது 475 கிலோகிராம் தாங்கும் என்பதையும் குறிக்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்புக் காலத்தைக் காட்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார் குறைவாக ஓடுவதால் டயரின் பூ தேயாமலே இருக்கலாம்; ஆனால் வெயிலில் இறப்பர் முதுமையடைந்து வெடிப்புற்றிருக்கும். ரேடியல் டயரையும் பழைய குறுக்கிழை டயரையும் ஒரே அச்சில் கலந்து பூட்டக்கூடாது. பழைய இரும்பு ரிம், குறிப்பாகக் கடற்காற்றில் துருப்பிடித்தது, டியூப் இல்லாத டயரின் காற்றைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

நட்களும் ரிம்முக்கு ஏற்றவையாக இருத்தல் அவசியம். அலோய் ரிம் தடிப்பானது என்பதால் பழைய போல்ட்டின் நீளம் போதாமற் போகலாம். 12 மில்லிமீற்றர் போல்ட்டில் நட் குறைந்தது 12 மில்லிமீற்றர், அதாவது 1.5 மில்லிமீற்றர் புரியாயின் 8 சுற்றுகள், ஏற வேண்டும். பூட்டி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர் மீண்டும் இறுக்கிப் பார்த்தல் வேண்டும். வாகனப் பதிவுச் சான்றிதழில் டயர் அளவுக்கும் இடமுண்டு என்பதால், பெரிய மாற்றம் செய்வோர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டறிவது பின்னர் வரும் வழக்கையும் நட்டத்தையும் தவிர்க்கும்.

பழைய காரைப் பேணுவது நல்ல பொழுதுபோக்கு. பலருக்கு அது தந்தையின் நினைவுமாகும். அந்தக் காரில் மனைவியும் பிள்ளைகளும் ஏறுகின்றார்கள் என்பதையும் உரிமையாளர் நினைவிற்கொள்ள வேண்டும். ரிம் வாங்கச் செல்லுமுன் உயரம், போல்ட் வட்டம், தள்ளளவு, சுமைக் குறியீடு ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நான்கில் ஒன்று பொருந்தாவிடினும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அந்த ரிம்மைக் கடையிலேயே விட்டு வாருங்கள்.