நடந்தவர்களே வரைந்த வரைபடம்

சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் போராடும் ஊர்களில் வேலை செய்கிற நாங்கள், இங்கிலாந்தின் நடைபாதைக் கதையை அடிக்கடி பேசிக்கொள்வோம்.

அங்கே ஒருவரின் சொந்த வயலுக்கு நடுவே பொதுப்பாதை போகலாம். நிலம் அவருடையது, நடக்கும் உரிமை எல்லோருக்கும் உரியது. நிலவுடைமையாளர்கள் மறிப்பது அங்கும் பழைய கதைதான். 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் மான்செஸ்டர் பகுதித் தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள்.

1949-இல் வந்த சட்டம், பொதுப்பாதைகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடம் தயாரிக்கச் சொன்னது. அதில் ஏறிய பாதைக்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனால் பல ஊர்களில் கணக்கெடுப்பு அரைகுறையாகவே நடந்தது. விடுபட்ட பழைய பாதைகளை 2026-க்குள் பதியாவிட்டால் உரிமை போய்விடும் என்று 2000-ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது.

நடப்பவர்களே வேலையைக் கையில் எடுத்தார்கள். 2020-இல் ராம்ப்ளர்ஸ் அமைப்பின் தன்னார்வலர்கள் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிட்டார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விடுபட்டிருக்கக்கூடிய பாதைகள் சுமார் 79,000 கிலோமீட்டர் தேறின. 2004-இல் அங்கே தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தன்னார்வலர்களோ, உள்ளாட்சிகள் வெளியிடும் திறந்த தரவை வைத்துக்கொண்டு நேரில் நடந்து, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது அடைபட்டிருக்கிறது என்று குறிக்கிறார்கள். கெடு 2031-க்குத் தள்ளிப்போனது. 2024 டிசம்பரில் அதையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

நம் கதை வேறு. இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-லேயே சொல்லிவிட்டது. வழக்கமாக நடந்த வழியை மறுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் புகார் கொடுத்தால் முதலில் வரும் கேள்வி: "அங்கே பாதை இருந்ததற்கு என்ன ஆதாரம்?"

இங்கிலாந்துச் சட்டத்தில் 20 ஆண்டுகள் இடைவிடாமல், உரிமையாக நடந்தால் அதைப் பொதுப்பாதையாகக் கொள்ளலாம். அனுமதி வாங்கி நடந்தது கணக்கில் சேராது. தனியார் நிலத்தில் வழியுரிமை கோர, நம்முடைய 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டமும் 20 ஆண்டு உரிமையான பயன்பாட்டைக் கேட்கிறது. சாதி எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள்: ஒவ்வொரு சாவுக்கும் நிலக்காரரிடம் கைகட்டிக் கேட்டுப் போகும் வழி, நூறு வருடம் நடந்தாலும் சலுகையாகவே நிற்கும்.

செல்பேசியில் வரைந்த கோடு தீர்ப்பாகாது, அங்கும் ஆகாது. ஆனால் தேதியோடு ஒரு கோடு, அடைத்த வேலியின் படம், பெரியவர்களின் வாக்குமூலம், எஃப்எம்பி நகல் எல்லாம் சேர்ந்தால் அந்த முதல் கேள்விக்குப் பதில் இருக்கும். பாதையை நினைவில் வைத்திருக்கிற தாத்தா பாட்டிகள் இருக்கும்போதே, அவர்களோடு ஒருமுறை நடந்து வாருங்கள், தோழர்களே.