பிராங்கிளினின் நீண்ட கை

தூரத்துக்கு ஒரு மூக்குக்கண்ணாடி, படிப்புக்கு மற்றொன்று. இவற்றை மாற்றி மாற்றி அணியும் தொல்லையை முதிய நேயர்கள் அறிவர், யானும் அறிவேன். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் அதனைப் பொறுத்திருந்தாரல்லர். வில்லைகளை அறுப்பித்து, இருவகைப் பாதிகளையும் ஒரே வளையத்திற் பொருத்துவித்தார். 1785 ஆம் ஆண்டு, தமது 79 ஆம் வயதில், நண்பரொருவருக்கு இதனை விளக்கியெழுதினார். பிரான்சிலே விருந்துண்ணுங்கால் தட்டிலுள்ள உணவும் தெரிந்தது. எதிரே பேசுவோர் முகமும் தெரிந்தது. முகங்கண்டபோது பிரெஞ்சுப் பேச்சு நன்கு விளங்கிற்றாம்! செவி தடுமாறும் இடத்திற் கண் கைகொடுத்தது போலும்.

தாயகம் மீண்டபின் மற்றோர் இடர். உயர்ந்த தட்டிலுள்ள நூலை எடுக்க ஏணியேறினால் முதியோர்க்குத் தலைசுற்றும். எனவே நீண்ட கோலின் நுனியில் இரு மரவிரல்கள் அமைத்து, கயிற்றை இழுத்து நூலைக் கவ்வும் கருவியொன்றை 1786 இல் விவரித்தார். அதற்கு 'நீண்ட கை' என்று பெயரிட்டார். சிறுநீர்ப்பைக் கல்லுக்கு மட்டும் அவரிடம் தீர்வில்லை. 1790 இல் இறக்கும்வரை அது அவரை வருத்தியது.