சேஸிக்கு மேலே ஒரு கட்டை

பிக்கப் வண்டியின் சேஸிக்கும் பாடிக்கும் நடுவே கட்டை கொடுத்து உயர்த்துவதை இன்றைய இளவட்டங்களின் கோளாறு என்பார்கள். தென்காசிச் சாலையின் பழக்கம் அதைவிடப் பழையது. வெகுகாலம் லாரி வெறும் சேஸியாகத்தான் விற்பனைக்கு வந்தது. அதன்மேல் மரச்சட்டம் கிடத்தி, யூ போல்ட்டால் இறுக்கிப் பாடி கட்டியவை நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகள். புளியரை வழியாகக் கேரளம் போகும் வைக்கோலுக்கும் காய்கறிக்கும் என்ன உயரம் வேண்டும் என்பதை லாரி முதலாளியும் ஆசாரியும் பேசி முடித்தார்கள்.

குற்றால மலைக்கு வடக்கே, புளியரை எஸ் வளைவில் அந்த உயரம் வண்டியைச் சாய்க்காதா? நியாயமான கேள்விதான். பாடியை மட்டும் தூக்கினால் பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், அவ்வளவே. அச்சு தரையிலிருந்து ஓர் அங்குலமும் எழாது, எடைதான் மேலேறும். ஸ்டியரிங் தண்டு இழுபடுவது தனிக்கதை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, 2000-இல் திருத்தப்பட்டபின், வண்டி செய்த கம்பெனி குறிப்பிட்ட அடிப்படை விவரங்களை மாற்றத் தடை விதிக்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. முழுப் பாடியோடு வரும் பிக்கப்புக்கு அது சரி. பழைய பட்டறையையும் அதே கண்ணால் பார்ப்பதுதான் தவறு: வெறும் சேஸி வந்த நாளில் பாடியின் உயரத்தைக் கணக்குப் போட ஆசாரியை விட்டால் வேறு ஆளில்லை.