பனிக்காரர் பாதை

காலையில் பனிச்சறுக்கு, மாலையில் கடற்கரை, மறுநாள் அல்ஹம்ப்ரா அரண்மனை. ஸ்பெயினின் தெற்கே உள்ள கிரனாடாவுக்குக் குளிர்கால விடுமுறை திட்டமிடுகிற யாரும் இந்த வாக்குறுதியைக் கேட்காமல் இருக்க முடியாது. ஆல்ப்ஸ் மலையின் பனிக்குப் பழகியவர்கள் இதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். கிரனாடா 37-ஆம் அட்சரேகையில் இருக்கிறது. அருகே உள்ள சியரா நெவாடா மலைக்குத் தெற்கே கடல், கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்கா. ஆரஞ்சு மரங்கள் காய்க்கும் ஊருக்குப் பின்னால் 3,479 மீட்டர் உயர முல்ஹசேன் சிகரமும் அதைவிடச் சற்றே தாழ்ந்த வெலேத்தா சிகரமும் வெள்ளையாக நிற்பது கண்ணுக்கு விந்தையாக இருக்கிறது. ஆகவே, பனியையும் பழைய நகரத்தையும் ஒரே பயணத்தில் சேர்ப்பது 1960-களின் விளம்பரக்காரர்கள் கண்டுபிடித்த உத்தி என்று பலர் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. இந்த மலையின் பனி பல நூற்றாண்டுகளாக அந்த நகரத்தை நம்பியே விலைபோனது. நகரத்தைப் பார்க்க வந்தவர்களுக்காகவே மலைமேல் முதல் விடுதியும் தண்டவாளமும் அமைக்கப்பட்டன. ஸ்கீ தளம் இந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

வரிசையின் தொடக்கத்தில் இருப்பவர்கள் பனிக்காரர்கள். ஸ்பானிய மொழியில் இவர்களை நெவேரோ என்பார்கள். இவர்களுடைய வேலைக்காலம் குளிர்காலம் இல்லை, கோடை. கிரனாடாவின் தெருக்கள் கொதிக்கும் மாதங்களில் கோவேறு கழுதைகளை ஓட்டிக்கொண்டு பகலில் மலையேறுவார்கள். வெலேத்தாவின் நிழற்சரிவுகளில், காற்று கொண்டுவந்து குவித்த பழைய பனி கோடை முழுதும் கரையாமல் இறுகிக் கிடக்கும். அந்தி சாய்ந்ததும் அதை வெட்டி, எஸ்பார்த்தோ என்னும் முரட்டுப் புல்லில் முடைந்த பொதிக்கூடைகளில் திணித்து இறுக்கி, வெயிலும் காற்றும் படாதபடி மூடிக் கட்டி, இரவோடு இரவாக இறங்குவார்கள். விடிவதற்குள் ஊர் சேர வேண்டும். பொழுது ஏறினால் சரக்கு தண்ணீராகி விடும். வழியில் சொட்டியது போக மிஞ்சியதுதான் விற்பனைக்கு. கழுதையின் விலாவில் இரவு முழுதும் பனிநீர் வடிய, கால் வைக்கும் கல்லைக்கூடப் பார்க்க முடியாத இருட்டில், முகடு வழியாக நடந்து தேய்ந்த அந்தத் தடம் இன்றைக்கும் பனிக்காரர் பாதை என்ற பெயரோடு வரைபடத்தில் இருக்கிறது. ஹெனில், மொனாச்சில் என்னும் இரு ஆறுகளுக்கு நடுவே ஓடும் மலைமுதுகு அது. மலையேற வந்த அயலூரார் பலருக்கு அதுவே வழியானது. ஸ்விட்சர்லாந்தின் தாவரவியலாளர் எத்மோன் புவாசியே 1837-இல் சியரா நெவாடாவின் செடிகளைச் சேகரிக்க வந்தபோது, ஐரோப்பிய அறிவுலகம் அதிகம் அறியாத மலையாக அது இருந்தது. பனிக்காரர்களோ அதன் ஒவ்வொரு மடிப்பையும் பல தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள்.

பனி அன்று ஆடம்பரப் பொருளாக மட்டும் இருந்துவிடவில்லை. குடிநீரைக் குளிர்விக்க, பழச்சாற்றை உறையவைக்க, காய்ச்சலைத் தணிக்க என்று அதற்குப் பல உபயோகங்கள். செவில் நகரத்து மருத்துவர் நிக்கோலாஸ் மொனார்தெஸ் 1571-இல் பனியைப் பற்றியும் குளிர்ந்த பானத்தின் நன்மைகளைப் பற்றியும் தனி நூலே எழுதினார். 1607-இல் பாப்லோ சார்க்கியெஸ் என்ற கத்தலானியர் மத்ரித் நகருக்குப் பனி வழங்கும் உரிமையை அரசரிடம் பெற்றார். பிறகு பனிக்கு வரியும் வந்தது, குத்தகையும் வந்தது. இது ஸ்பெயினின் தனிக்கதையும் அல்ல. சிசிலியின் எட்னா எரிமலையின் பனி கப்பலேறி மால்டாவுக்குப் போனது; கத்தானியா நகரத்து ஆயருக்கு அந்தப் பனியால் நல்ல வருமானம் கிடைத்தது. இன்று அதே எட்னாவின் சரிவுகளில் ஸ்கீ ஓட்டுகிறார்கள். மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் பனிமலை என்றால் அதன் அடியில் வெயிலில் வாடும் ஒரு பெரிய நகரம் உண்டு. பனிக்கு மதிப்பே அந்த நகரத்தால்தான் வந்தது. ஆல்ப்ஸில் இப்படி இல்லை. பனி அங்கே ஊரை மூடிய இடர். அது விற்பனைச் சரக்காவது அரிது. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னால் வந்த சுற்றுலாவும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது.

ஐஸ் தொழிற்சாலைகள் வந்ததும் பனிக்காரர்களின் பிழைப்பு போயிற்று. 1920-களோடு கிரனாடாவில் அந்தத் தொழில் முடிந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நகரத்துக்கு வேறொரு வருமானம் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1829-இல் அல்ஹம்ப்ராவின் அறைகளிலேயே தங்கியிருந்து, 1832-இல் அதைப் பற்றிய கதைநூலை வெளியிட்டார். 1492-இல் வீழ்ந்த நஸ்ரித் என்னும் முஸ்லிம் அரச வம்சத்தின் பாழடைந்த அரண்மனை ஐரோப்பிய, அமெரிக்கப் பயணிகளின் கனவிடமானது. 1870-இல் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ரயிலும் வந்தது. ஓவியங்களையும் பழைய படங்களையும் பார்த்தால் ஒன்று தெரியும்: சிவந்த கோட்டைக்குப் பின்னால் வெண்மலை இல்லாமல் அல்ஹம்ப்ராவின் காட்சி நிறைவு பெறுவதில்லை. மலை அப்போது வெறும் பின்புலம். வந்தவர் அரண்மனையைப் பார்த்தார், குன்றின் மேலிருந்து மலையை ரசித்தார், ஓரிரு நாளில் கிளம்பிவிட்டார். ஒரு நகரம் முழுவதும் ஒரே அரண்மனையை நம்பி விருந்தாளியை எத்தனை நாள் பிடித்து வைக்க முடியும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவராகவே சான் பெத்ரோ தெ கலாத்தினோ கோமகனை நான் வாசிக்கிறேன். ஹூலியோ கெசாதா-கன்யாவெரால் என்பது அவர் பெயர். அவர் அல்ஹம்ப்ரா குன்றிலேயே கட்டிய பேலஸ் ஹோட்டலை 1910-இல் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ திறந்துவைத்தார். அது நகரம் பார்க்க வருகிறவர்களுக்கான விடுதி. அடுத்து அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. சியரா நெவாடாவின் சரிவில், ஹெனில் பள்ளத்தாக்குக்கு மேலே, இன்னொரு விடுதியைக் கட்டினார். நகரத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மின்சார டிராம் பாதையும் போட்டார். 1925 பிப்ரவரியில் டிராம் ஓடத் தொடங்கியது. ஆற்றோரமாக வளைந்து, பாறையைக் குடைந்த சுரங்கங்களுக்குள் நுழைந்து வெளிவந்து, குவேஹர் சியரா ஊரின் பக்கம் வரை அது போனது. ஒரே மனிதர் அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு விடுதி, மலைமேல் ஒரு விடுதி, இரண்டுக்கும் நடுவில் தண்டவாளம் என்று திட்டமிட்டது தற்செயலாக நடக்கக்கூடியதா? நகரமும் மலையும் சேர்ந்ததே கிரனாடா என்ற சரக்கு என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கு ஸ்கீ தளத்துக்கு 40 ஆண்டு மூத்தது.

கோமகனின் பணம் மட்டுமே இதைச் செய்தது என்றும் சொல்ல மாட்டேன். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கிரனாடாவின் நடுத்தர வர்க்கத்தார் சிலர் குழு சேர்ந்து மலையேறத் தொடங்கிவிட்டார்கள். 1910-களில் சியரா நெவாடா சங்கம் உருவாகி, மலையில் தங்குகுடில்கள் கட்டுவதையும் ஸ்கீ பயில்வதையும் ஊக்குவித்தது. வெலேத்தாவுக்குச் சாலை போடும் வேலையை நடத்திய பொறியாளர் ஹுவான் ஹோசே சாந்தா குரூஸ் இந்தக் கதையில் மறக்கக் கூடாதவர். 1920-களில் தொடங்கி 1935-இல் சிகரத்தை நெருங்கிய அந்தச் சாலையை ஐரோப்பாவின் மிக உயரமான தார்ச்சாலை என்று இன்றும் சொல்கிறார்கள். அவர் குடியரசு ஆதரவாளர், 1931-இன் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1936 ஆகஸ்டில், உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில், கிரனாடாவைக் கைப்பற்றிய ராணுவக் கலகக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் போட்ட சாலையில் ஏறித்தான், அவரைக் கொன்றவர்களின் ஆட்சி பின்னாளில் தன் ஸ்கீ தளத்தைக் கட்டியது. விடுமுறைக்குப் போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். இன்றைய ஸ்கீ தளத்தைக் கோமகனோ சங்கமோ கட்டவில்லையே; 1964-இல் அதற்கெனச் செத்துர்சா நிறுவனம் அமைக்கப்பட்டு, ஃபிராங்கோ ஆட்சியின் வளர்ச்சிக் கொள்கையின் நிழலில், 2,100 மீட்டர் உயரத்தில் பிரதோயானோ என்ற புதிய குடியிருப்பு எழுப்பப்பட்ட பிறகே உண்மையான ஸ்கீ வரலாறு தொடங்குகிறது; அந்தக் கான்கிரீட் கட்டடங்களுக்கும் அல்ஹம்ப்ராவுக்கும் என்ன உறவு? ஆட்சேபத்தின் முதல் பாதி உண்மை. மின்கயிற்று வண்டிகள், பெருந்திரளான சறுக்குக்காரர்கள், அடுக்குமாடி விடுதிகள் எல்லாம் அந்த ஆட்சிக்காலத்தின் வேலை. கட்டடங்கள் அழகாகவும் இல்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த காரணத்தைப் பாருங்கள். சியரா நெவாடா நீண்ட மலைத்தொடர். அதன் மிக உயர்ந்த சிகரம் முல்ஹசேன். தளம் முல்ஹசேனுக்குப் போகவில்லை. நகரத்துக்கு நேர் எதிரே, ஏற்கெனவே சாலை இருந்த வெலேத்தாவின் சரிவில் அமைந்தது. சாலை அங்கே போனதற்குக் காரணம், அதே மலைமுகட்டில் பனிக்காரர்களும் மலையேறிகளும் தடம் பதித்திருந்தது. பிரதோயானோவிலிருந்து நகரத்துக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். நகரத்திலிருந்து அன்றாடம் போய்த் திரும்பக்கூடிய உயர்மலை ஸ்கீ தளம் ஐரோப்பாவில் அபூர்வம். இந்த நெருக்கம் 1964-இல் முளைத்ததில்லை. புதியவர்கள் பழைய தடத்தின் மேல் கட்டினார்கள், அவ்வளவே. அந்த வளர்ச்சிக்கு இழப்பும் உண்டு. கனாலெஸ் அணைக்காக 1974 ஜனவரியில் கோமகனின் டிராம் நிறுத்தப்பட்டது. பாதையின் ஒரு பகுதியை நீர்த்தேக்கம் விழுங்கியது. எல்லோரும் கார் ஏறிப் போகும் மலைக்கு இன்று ஒரு மின்சார டிராம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணும்போது அது தவறான முடிவு என்றே தோன்றுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கடுமையானது. வயிற்றுப்பாட்டுக்காக இருட்டில் கழுதை ஓட்டிய ஏழைகளை, வசதியானவர்களின் விளையாட்டுக்கு முன்னோராகக் காட்டுவது வரலாற்றுக்கு மெருகு பூசுவதாகாதா? பனிக்காரரின் பேரன் ஸ்கீ ஓட்டப் போனான் என்று நான் வாதிடவில்லை. பனியை நகரத்துக்கு இறக்கிய வணிகத்துக்கும், நகரத்தாரைப் பனிக்கு ஏற்றிய வணிகத்துக்கும் நடுவே லாபம் கைமாறியது. இடுப்பொடிந்து உழைத்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை, கோமகனின் பெயர் இருக்கிறது. நான் காட்ட விரும்பும் தொடர்ச்சி மனிதர்களுடையது அல்ல, அமைப்பினுடையது: மேலே உள்ள பனிக்குக் கீழே உள்ள நகரமே சந்தை. அந்த அமைப்பு நான்கு நூற்றாண்டுகளாக மாறவில்லை.

இதற்கு வலுவான சான்று 1995-இல் கிடைத்தது. அந்த ஆண்டு உலக ஆல்பைன் ஸ்கீ சாம்பியன்ஷிப் சியரா நெவாடாவில் நடக்க வேண்டும். ஏற்பாடுகள் முடிந்திருந்தன. பனி பெய்யவில்லை. இயந்திரத்தால் பனி செய்யவும் காற்றில் குளிர் வேண்டும், அதுவும் போதவில்லை. போட்டி ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டு 1996 பிப்ரவரியில் நடந்தது. இத்தாலியின் அல்பெர்த்தோ தோம்பா ஸ்லாலமிலும் ஜயண்ட் ஸ்லாலமிலும் தங்கம் வென்றார். ஒரு குளிர்காலத்தில் வெறும் பாறை, அடுத்ததில் உலகத்தரப் பனி: மத்தியதரை மலையின் இயல்பு இதுதான். சஹாரா தூசி வந்து விழுந்து சரிவுகள் செம்மண் நிறமாகும் நாட்களும் உண்டு. பலத்த காற்றில் மின்கயிற்று வண்டிகள் நின்றுபோகும் நாட்களும் உண்டு. ஐரோப்பாவின் தென்கோடிப் பனியாறு ஒருகாலத்தில் வெலேத்தாவின் வடக்கு மடியில்தான் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கரைந்து முடிந்தது. பனியை மட்டும் நம்பி இங்கே பயணம் வைப்பவர் ஆல்ப்ஸுக்குப் போவதே மேல் என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் பனியை மட்டும் நம்பி இந்த மலையை யாரும் ஒருபோதும் அணுகியதில்லை. பனி பொய்த்த ஆண்டிலும் அரண்மனை இருக்கிறது, அல்பாய்சின் என்னும் பழைய குடியிருப்பின் சந்துகள் இருக்கின்றன, ஒரு மணி நேரப் பயணத்தில் மோத்ரில் கடற்கரை இருக்கிறது. ஸ்கீயையும் ஊர் பார்ப்பதையும் சேர்ப்பது விளம்பர உத்தியாகத் தோன்றலாம்; உண்மையில் இந்தத் தட்பவெப்பத்தில் பிழைக்கக்கூடிய ஒரே சுற்றுலா வடிவம் அதுதான்.

ஆகவே டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவே கிரனாடாவுக்குப் போக எண்ணுகிறவர்கள் திட்டத்தைத் தலைகீழாக்கிக் கொள்ளுங்கள். மலைமேல் அறை பிடித்து, மிச்ச நேரத்தில் நகரத்தை எட்டிப் பார்க்கும் வழக்கத்தை விட்டு, நகரத்தில் தங்குங்கள். ஸ்கீ பருவத்தில் பேருந்து நிலையத்திலிருந்து பிரதோயானோவுக்கு வண்டி போகிறது. முதலில் பதிய வேண்டியது அல்ஹம்ப்ராவின் நுழைவுச்சீட்டு. அங்கே நாளொன்றுக்கு அனுமதிக்கும் ஆட்களுக்கு வரம்பு உண்டு. நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் சீட்டிலேயே குறித்திருக்கும். குளிர்காலத்தில் மாலை 6 மணிக்கு மூடிவிடுவார்கள். சறுக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே பூட்டி வைக்காதீர்கள். காற்றும் பனியும் எப்படி என்று முதல்நாள் மாலை பார்த்து மறுநாளை முடிவு செய்யுங்கள்.