கற்குகையும் கலங்கல் ஆறும்

பெங்களூரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய நூறு கிலோமீட்டரில், கோலார் மாவட்டத்து ஹனுமனஹள்ளியில் ஒரு கருங்கல் குன்று இருக்கிறது. அதன் குகையில்தான் கோலார் இலைமூக்கு வௌவால் வாழ்கிறது. 1994இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட இந்தச் சிற்றுயிர் முன்பு பக்கத்துத் தேரஹள்ளியிலும் இருந்தது. இப்போது அங்கே இல்லை. மொத்தமே இருநூறுக்கு மேல் இராது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது கங்கை ஓங்கில். கங்கை தொலைவில் ஓடினாலும் இந்த ஓங்கிலைப் பற்றிய முக்கியமான ஆய்வு ஒன்றுக்குப் பெங்களூரோடு உறவு உண்டு. இங்குள்ள ஏட்ரீ சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் ஜகதீஷ் கிருஷ்ணசாமி, நச்சிகேத் கேல்கர் ஆகியோர் மயூக் தேவுடனும் ஜப்பானிய ஆய்வாளர் ஒருவருடனும் சேர்ந்து, பீகாரில் கங்கையின் ஒலிகளைப் பதிவுசெய்து 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

இரண்டு உயிர்களும் மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு உலகை அறிகின்றன. வௌவாலுக்குக் கண் தெரியாது என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. இலைமூக்கு வௌவாலின் கண்கள் சிறியவைதான், ஆனாலும் பார்க்கும். மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களோ எதிரொலியை நாடுவதே இல்லை. கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறக்கின்றன. உண்மையில் பார்வை இழந்தது கங்கை ஓங்கில்தான். அதன் கண்ணில் விழியாடி கிடையாது. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று உணரலாம், அவ்வளவே. வண்டல் கலந்த கங்கை நீரில் நல்ல கண் இருந்திருந்தாலும் பெரிதாகப் பயன்பட்டிருக்காது.

வௌவாலின் ஒலி குரல்வளையில் பிறந்து மூக்கு வழியாக வெளியேறுகிறது. மூக்கின் மேலுள்ள இலை போன்ற மடிப்பு அதைக் குவித்து அனுப்புகிறது. ஓங்கிலின் ஒலி ஊதுதுளைக்குக் கீழே, நாசிப் பாதையில் இருக்கும் உதடு போன்ற திசுக்களில் பிறக்கிறது. நெற்றியின் கொழுப்பு அதைக் குவிக்கிறது, திரும்பி வரும் ஒலியைக் கீழ்த்தாடைக் கொழுப்பு செவிக்குக் கடத்துகிறது. கங்கை ஓங்கிலுக்கு மேல்தாடை எலும்பிலிருந்து இரண்டு தகடுகள் எழுந்து அந்த நெற்றிக் கொழுப்பைக் கவிந்து நிற்கின்றன.

கோலார் வௌவாலின் ஒலி நூறு கிலோஹெர்ட்ஸைச் சற்றே தாண்டியது. காற்றில் அதன் அலைநீளம் மூன்று மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால் சிறு பூச்சியிலிருந்தும் தெளிவான எதிரொலி கிடைக்கும். அந்த ஒலி சில மில்லிநொடிகள் ஒரே சுருதியில் நீள்கிறது. பூச்சி சிறகடிக்கும்போது திரும்பி வரும் எதிரொலியின் சுருதி ஏறி இறங்கும். அசையாத இலைகளுக்கு நடுவே படபடக்கும் சிறகை இந்த வௌவால் குடும்பம் பிரித்தறிவது அதனால்தான். என்னைக் கேட்டால் இரண்டில் நுட்பமான கலை இதுவே.

ஓங்கிலிடம் நீண்ட சுருதி கிடையாது. நொடியின் லட்சத்தில் சில பங்கே நீடிக்கும் சொடுக்குகள்தான் அதன் கருவி. கங்கை ஓங்கிலின் சொடுக்கு அறுபது கிலோஹெர்ட்ஸ் அளவில் உச்சம் கொள்கிறது; கடல் ஓங்கில்களோடு ஒப்பிட்டால் சுருதியும் தாழ்வு, வலிமையும் குறைவு. கரையும் மணல்திட்டும் நெருங்கிய ஆற்றில் உரக்கக் கத்தினால் வேண்டாத எதிரொலிகளே குவியும். இரையின் தன்மையும் வேறு. காற்றில் பூச்சியின் உடல் ஒலியை அப்படியே திருப்பிவிடும். மீனின் சதையோ ஏறத்தாழ நீரைப் போன்றது. அதைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பை.

இவ்வளவு வேறுபாட்டுக்குள்ளும் ஒரு ஒற்றுமை வியக்க வைக்கிறது. பாலூட்டிகளின் உட்செவியில் பிரெஸ்டின் என்ற புரதம் உண்டு. எதிரொலியை நம்பும் வௌவால்களிலும் ஓங்கில்களிலும் அந்தப் புரதம் தனித்தனியே ஒரே வகை மாற்றங்களை அடைந்திருப்பதை 2010இல் இரண்டு குழுக்கள் அறிவித்தன. அதை மட்டும் வைத்து வம்சம் வரைந்தால் ஓங்கில் மாட்டின் பக்கம் போகாமல் வௌவாலின் பக்கம் வந்து நிற்கிறது.

எனக்கு இந்த ஒப்பீட்டில் முக்கியமாகப் படுவது ஊடகம். காற்றில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது, நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர். வௌவாலின் உயர்சுருதியைக் காற்று சில மீட்டருக்குள் உறிஞ்சிவிடும். அதனால் அதன் உலகம் சிறியது. தொலைவிலிருந்து வரும் இயந்திர ஒலியின் உயர்சுருதிப் பகுதியும் அதே காற்றில் மடிந்துவிடும். நீர் அப்படி விழுங்குவதில்லை. ஓங்கிலுக்குத் தொலைவை அறியக் கொடுக்கும் அதே ஆறு, படகு இயந்திரங்களின் இரைச்சலையும் வெகுதூரம் கொண்டுவந்து சேர்க்கிறது. 2019 ஆய்வு காட்டியது இதைத்தான். கோடையில் நீர் குறைந்தபோது படகிரைச்சல் சொடுக்குகளை மூழ்கடித்தது. ஓங்கில்கள் தம் ஒலியை மாற்றின, உடலின் ஆற்றல் செலவு கூடியது. ஆழம் கூடிய இடங்களில் பாதிப்பு குறைந்தது.

ஆகவே இரண்டையும் காக்கும் வழி ஒன்றாக இருக்க முடியாது. வௌவாலைக் கொல்வது கல்லுடைப்பு. குகை போனால் அது குடியேற வேறு குன்று இல்லை. ஓங்கிலுக்கு 2009இல் தேசிய நீர்வாழ் உயிரி என்ற தகுதி கிடைத்தது, சுல்தான்கஞ்ச் முதல் ககல்காவ் வரை 1991 முதலே சரணாலயம் உண்டு. 2025இல் வெளியான கணக்கெடுப்பில் நாட்டின் ஆற்று ஓங்கில்கள் 6,327. கோலார் வௌவாலுக்கு அத்தகைய தேசியப் பெருமை இல்லை. நிபா, கொரோனாவுக்குப் பிறகு வௌவால் என்றாலே அச்சம்தான் மிச்சம். அந்தக் குன்றில் இனி ஒரு கல்லும் உடைபடாமல் காப்பதும், சுற்றியுள்ள புதர்க்காட்டை விட்டுவைப்பதும் கர்நாடக அரசால் முடியாத காரியமல்ல. கங்கைக்கு வேலை இன்னும் கடினம். எல்லை வரைந்தால் போதாது. கோடையில் சரக்குப் படகுகளைக் குறைத்து மெதுவாக ஓட்ட வேண்டும். அணைகளிலும் கால்வாய்களிலும் எடுக்கப்படும் நீரில் ஒரு பங்கை ஆற்றுக்கே திரும்ப விட வேண்டும்.